நாமமும் கோத்திரமும்



குழந்தை பிறந்த இல்லத்தில் உற்றார் முதலில் வினவுவது, "என்ன பெயர் இடப் போகிறீர்கள்?" என்பதே. உயிர் நீங்கியபின் உடல் சாம்பலாகிறது. பொருள் பிறர் கைக்குச் செல்கிறது. பெயர் ஒன்றே சிலகாலம் இவ்வுலகில் எஞ்சி நிற்கிறது. இவ்வாறு பிறப்பு முதல் இறப்பிற்கு அப்பாலும் நம்மோடு வரும் பெயரின் பொருளை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலர். பெயரைக் குறித்து ஜினாகமம் உரைப்பதையும், தமிழ்ச் சமணர் இல்லங்களில் வழங்கும் பெயர்களின் வரலாற்றையும் இக்கட்டுரையில் ஒருங்கே சிந்திப்போம்.

வினைகள் எட்டு என்பதை நம் சிறாரும் அறிவர். ஞானாவரணீயம், தரிசனாவரணீயம், வேதனீயம், மோகனீயம், ஆயுஷ்யம், நாமம், கோத்திரம், அந்தராயம் என்பன அவை. இவற்றுள் ஆறாவது நாமம், ஏழாவது கோத்திரம். உலகியலில் எவற்றைக் கூறி நாம் பெருமை கொள்கிறோமோ, அவற்றின் பெயர்களையே ஆகமம் இரண்டு வினைகளுக்குச் சூட்டியிருத்தல் நோக்கத்தக்கது. ஆகமம் கூறும் நாமகர்மம் நாம் இட்டு வழங்கும் பெயரைக் குறிப்பதன்று. கதி, உடல், உறுப்பு, குரல், புகழ் ஆகியவற்றை அமைத்துத் தரும் வினை அது. 93 உட்பிரிவுகளை உடையது. சித்திரக்காரன் ஒரே சுவரில் பல உருவங்களைத் தீட்டுவது போல, அவ்வினை ஓர் உயிருக்குப் பல வடிவங்களைத் தருகிறது. கோத்திர வினையோ குயவனை ஒக்கும். ஒரே மண்ணைக் கொண்டு பூசைக்குரிய கலசத்தையும் கள் வைக்கும் குடத்தையும் வனைகிறான் அவன். வடிவும் குடியும் வினை தந்தவை. உயிருக்கு இயல்பாக உரியவை அல்ல. இதனை முதற்கண் மனங்கொண்டு மேலே செல்வோம்.

ஒரு சொல் ஒரு பொருளைக் குறிக்கும் முறையை நம் ஆசிரியர்கள் நான்காக வகுத்தனர். நாமம், தாபனை, திரவியம், பாவம் என்னும் இந்நான்கும் நிட்சேபம் எனப்படும். வறியவன் ஒருவன் தன் மகனுக்குக் குபேரன் என்று பெயர் சூட்டினால் அது நாம நிட்சேபம். குணத்தை நோக்காது வழக்கிற்காக இட்ட பெயர். கல்லிலோ செம்பிலோ உருவமைத்து, "இவர் பார்சுவநாதர்" என்று நிறுவி வழிபட்டால் அது தாபனை. நாளை அரசனாகப் போகின்ற இளவரசனை இன்றே அரசன் என்றால் அது திரவியம். பெயர் குறிக்கும் குணம் இப்பொழுதே ஒருவனிடத்து நிறைந்திருப்பின் அது பாவம். தொட்டிலில் கிடக்கும் மகவுக்கு நாம் இடும் பெயர் எதுவாயினும் நாம நிட்சேபமே. அப்பெயரைப் பாவ நிட்சேபமாக ஆக்குவது அம்மகவு வாழப்போகும் வாழ்க்கை.

வர்த்தமான பகவானின் திருநாமங்கள் இதற்குச் சான்று. அவர் கருவுற்ற நாள்தொட்டு நாட்டில் வளம் பெருகியமையால் வர்த்தமானர் என்றனர். சஞ்சயர், விசயர் என்னும் முனிவர் இருவர்க்கு அவரைக் கண்ட அளவிலேயே ஐயம் நீங்கியமையால் சன்மதி என்றனர். பாம்புருக் கொண்டு வந்த தேவனுக்கு அஞ்சாமையால் மகாவீரர் என்றனர். பெற்றோர் தந்த பெயர் ஒன்றிருக்க, குணமும் செயலும் ஈட்டித் தந்த பெயர்கள் அதனின் மேலாக நின்று விளங்குகின்றன.

பெயரை மட்டும் கேட்டுப் பொருளை முடிவு செய்வோர் எவ்வாறு பிழைபடுவர் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தருமபுரி மாவட்டத்தில் அரூருக்கு அப்பால் சித்தேரி மலை உயர்ந்து நிற்கிறது. சமணச் செவிக்குச் சித்தேரி என்றவுடன் சித்தர் நினைவு எழுதல் இயல்பு. சித்த பரமேட்டிகளின் பெயரோடு இவ்வூரை இணைக்கும் ஆவலும் தோன்றும். ஆயினும் அவ்வாறு வலிந்து பொருள் கொள்ளுதல் வேண்டா. காற்று என்பது பேச்சில் காத்து ஆவது போலவும், நேற்று என்பது நேத்து ஆவது போலவும், சிற்றேரி என்பது சித்தேரி ஆயிற்று என்று கொள்ளுதலே நேரிது. சிறிய ஏரியைப் பெயராகக் கொண்ட ஊர் என்பதில் குறை ஒன்றும் இல்லை.

அம்மலையில் வாழ்வோர் மலையாளிகள் எனப்படுவர். அப்பெயரைக் கேட்டவுடன் கேரளத்தவர் என்று எண்ணுவோர் பலர். அவர்களோ தமிழே பேசுகின்ற தமிழகப் பழங்குடியினர். மலையை ஆள்வோர், மலையில் வாழ்வோர் என்பதே அப்பெயர்க்குப் பொருள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தோர் என்பது மலையாளிகளிடையே வழங்கும் பழைய மரபு. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என மூவர் உடன்பிறந்தார் என்றும், அவர்கள் சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றில் தனித்தனியே குடியேறினர் என்றும் அம்மரபு கூறும். ஏடு ஒன்றும் இன்றி, மூன்று பெயர்களை நினைவிற் கொண்டே தம் வரலாற்றைக் காத்து வந்திருக்கிறார்கள் அம்மக்கள். அவர்கள் யாவர் என்பதைப் பெயரால் மட்டும் அறிய இயலாது. அருகிருந்து கேட்டால்தான் அறியலாம்.

நம் நிலையும் அதுவே அன்றோ? "நான் ஜைனன்" என்று ஒரு தமிழ்ச் சமணர் சொன்னால், "எந்த வடமாநிலம்? எப்பொழுது இங்கு வந்தீர்கள்?" என்றே பலரும் வினவுகின்றனர். நயினார் என்று சொன்னாலோ சைவ நாயன்மாரை நினைக்கின்றனர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்துச் சமணர் தொகை 89,265 எனப் பதிவாயிற்று. வடநாட்டிலிருந்து வந்து குடியேறியோரும் இம்மண்ணிலேயே தொன்றுதொட்டு வாழ்வோரும் அவ்வொரே எண்ணுக்குள் அடங்கினர். ஈராயிரம் ஆண்டுகளாக இம்மொழியில் வாழ்ந்து, இம்மொழிக்கு இலக்கணமும் காப்பியமும் தந்த ஒரு குடியைப் பிறர் அறியாமல் இருப்பது அவர்தம் குற்றம் மட்டும் அன்று. நம் பெயரின் பொருளை நாமே நம் மக்களுக்குச் சொல்லாவிடில் பிறர் எவ்வாறு அறிவர்?

சித்தேரி மலையை உடைய அத்தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அங்கு நொளம்ப மன்னன் மகேந்திரன் ஆட்சியில், கி.பி. 893-ஆம் ஆண்டிற்குரிய கன்னடக் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் இருவர் தகடூரில் ஒரு வசதியை, அதாவது சமணப் பள்ளியை, எடுப்பித்த செய்தியை அது கூறுகிறது. நிதியண்ணன் அரசனிடம் மூலப்பள்ளி என்னும் ஊரைப் பெற்று, அதனைக் கனகசேன சித்தாந்த படாரர் என்னும் ஆசிரியரிடம் அப்பள்ளிக்கென ஒப்படைத்தார். நிதி என்பது செல்வம். செல்வத்தைப் பெயரிலே உடையவர் தாம் பெற்ற ஊரைத் தமக்கென வைத்துக்கொள்ளாது அறத்திற்கு அளித்தார். அவ்வாறு அளித்தமையாலேயே ஆயிரத்து நூறாண்டு கடந்தும் அப்பெயரை இன்று நாம் ஒலிக்கிறோம்.

கனகசேனர் என்னும் துறவுப் பெயரையும் நோக்குக. மூலசங்கம் நந்தி, சேன, சிங்க, தேவ என நான்கு சங்கங்களாகப் பிரிந்தது என்பது நம் மரபு. துறவியரின் பெயரீற்றைக் கொண்டே பலரது குரு பரம்பரையை உணரலாம். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பு நோற்று உடல் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டு உள்ளது. மதுரைப் பகுதிக் குன்றுகளில் அச்சணந்தியின் பெயர் பல இடங்களில் வெட்டப்பட்டுள்ளது. கீழக்குயில்குடி சமணர் மலையில் அவர்தம் தாயார் குணமதியாரின் பெயரும் கல்லில் நிற்கிறது. துறந்தார்க்குத் தாய் இல்லை என்பது உலக வழக்கு. ஆயினும் அத்தாயின் பெயரை அக்கல் மறக்கவில்லை. மேல்சித்தாமூர் ஜினகாஞ்சி மடத்தின் தலைவர் யாவராயினும் இலட்சுமிசேன பட்டாரகர் என்னும் ஒரே பெயரைத் தாங்குகிறார். பீடத்தில் அமர்வோர் மாறுவர், பெயர் மாறாது. தம் இயற்பெயரை விடுத்து, முன்னோர் பெயரைச் சுமக்கும் பொறுப்பை ஏற்றலே அங்குப் பெருமையாகிறது.

இனி, நம் குடிப்பெயராகிய நயினார் என்பதை எடுத்துக்கொள்வோம். நாயனார் என்பதன் திரிபு இது. தலைவர், இறைவர் என்பது பொருள். சைவத்தில் அடியார்க்கு அது அடைமொழியாயிற்று. தென்மாவட்டங்களில் பிற சமயத்தாரிடையேயும் நயினார் என்னும் பெயர் வழங்குகிறது. ஆகவே அஃது நமக்கே உரிய தனிச்சொத்து அன்று. நம்மவருள்ளும் எல்லோரும் நயினார் அல்லர். முதலியார், உடையார், செட்டியார், ராவ், தாஸ் முதலிய பட்டங்களை உடைய தமிழ்ச் சமணர் குடும்பங்களும் உண்டு. பட்டங்கள் பலவாயினும் வழிபடும் அருகன் ஒருவனே. கொள்ளும் நோன்பும் ஒன்றே.

பட்டமும் பெயரும் அச்சத்தால் மறைய வேண்டிய காலமும் ஒன்று வந்தது. 1478-ஆம் ஆண்டளவில் செஞ்சியை ஆண்ட தலைவன் ஒருவன் சமணரைத் துன்புறுத்தினான் என்பது தென்னார்க்காட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. உயிருக்கு அஞ்சிப் பலர் நெற்றியில் நீறணிந்தனர். அவர்தம் வழியினர்க்கு நீறுபூசி வேளாளர் என்னும் பெயர் ஏற்பட்டது. தாயனூர்க் காங்கேய உடையார் உடையார்பாளையம் சென்று அந்நாட்டுத் தலைவரிடம் அடைக்கலம் புகுந்தார். மறைவாகச் சமண ஆசாரத்தைக் காத்து நின்ற ஒருவர் காவலரிடம் அகப்பட்டு, பின் விடுவிக்கப்பெற்று, சிரவணபெளகொளம் சென்று துறவு பூண்டு வீரசேனாசாரியர் ஆனார். அவரைக் காங்கேய உடையார் அழைத்துவர, மக்கள் மீண்டும் நன்னெறியில் நிலைபெற்றனர் என்பது அம்மரபு.

அன்பர்களே, இதில் ஒன்றை ஊன்றி நோக்குங்கள். அம்மனிதர் அகப்பட்டது பெயரால் அன்று, ஆசாரத்தால். பெயரை மறைக்கலாம், ஒழுக்கத்தை மறைத்தல் அரிது. பெயர் மறைந்த காலத்தும் ஒருவரிடம் எஞ்சியிருந்த ஒழுக்கமே நம் குடியை மீட்டுத் தந்தது. பெயர் முழுதும் இருந்து ஒழுக்கம் எஞ்சாத காலம் ஒன்று வருமாயின், அப்பொழுது நம்மை மீட்பது எது?

மக்கட்பெயர் இடும் முறையையும் நம் முன்னோர் சடங்காக வகுத்துள்ளனர். ஜினசேனாசாரியரின் ஆதிபுராணம் நாமகர்மக் கிரியையைக் கூறுகிறது. பிறந்து பன்னிரண்டு நாள் கழிந்தபின், ஜினேந்திரரின் 1008 திருநாமங்களுள் ஒன்றைத் தெரிந்து சூட்டுதல் அம்முறை. அதன் வழியே நம் இல்லங்களில் ஆதிநாதன், சந்திரப்பிரபன், அனந்தநாதன், மல்லிநாதன், நேமிநாதன், பார்சுவநாதன் என்னும் பெயர்கள் பெருகின. திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதரை நினைந்து இடப்படும் அப்பாண்டைராஜன் என்பது தமிழ்ச் சமணர்க்கே உரியது எனத்தக்க பெயர். பெண்மக்களுக்குப் பத்மாவதி, சுவாலாமாலினி, மருதேவி, இராஜமதி என்பன வழங்குகின்றன. மகன் வயிற்று மகனைத் தமிழர் பேரன் என்றது ஏன்? பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். அதுவே பேரன் ஆயிற்று. ஒரு தலைமுறையின் பெயரை அடுத்ததற்கு அடுத்த தலைமுறை எடுத்துக்கொண்டு நடப்பதை அச்சொல்லே உணர்த்துகிறது.

இக்காலத்தில் ஓசை இனிமை ஒன்றையே கருதிப் பொருளற்ற பெயர்களை இடும் வழக்கம் பரவுகிறது. சிலர் எண்கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் பெயரைச் சிதைக்கின்றனர். நன்மை தீமைக்குக் காரணம் தான் செய்த வினையே என்று கற்றவர்கள், எழுத்தின் எண்ணிக்கையில் நல்வாழ்வைத் தேடுதல் பொருந்துமோ? வேறு சிலர் கடவுச்சீட்டிலும் பள்ளிப் பதிவிலும் குடும்பப்பெயர்க் கட்டத்தை நிரப்புதற்காக ஜெயின் என்று சேர்க்கின்றனர். தந்தை பெயரின் முதலெழுத்தும் ஊர்ப்பெயரின் முதலெழுத்துமே தமிழர்க்குப் போதுமாயிருந்தன. படிவங்களுக்கு அவை போதவில்லை. 2014 சனவரியில் நடுவண் அரசு சமணரைச் சிறுபான்மைச் சமயத்தாராக அறிவித்தபின் இவ்வெண்ணம் வலுப்பெற்றிருத்தல் கூடும். சமயத்தைப் பெயரோடு சேர்த்தல் தவறென்று யாம் கூற வரவில்லை. அவ்வாறு சேர்த்த மகனுக்கு இரவுண்ணாமையும், நீர் வடித்துப் பருகுதலும், பஞ்ச நமஸ்காரமும் தெரியாவிடில் அப்பெயர் வெறும் நாம நிட்சேபமாய் நிற்கும் என்பதே யாம் கூற வந்தது.

குடிப்பெருமை பேசுவோர்க்கு ஆகமம் ஓர் எச்சரிக்கை தருகிறது. இழிகோத்திரத்தைக் கட்டும் காரணங்கள் யாவை என்று தத்துவார்த்த சூத்திரம் உரைக்கிறது. பிறரைப் பழித்தல், தன்னைப் புகழ்தல், பிறர் நற்குணத்தை மறைத்தல், தன்னிடம் இல்லாத குணத்தை உள்ளதாகக் காட்டுதல் என்பன அவை. அவற்றை விடுத்துப் பணிவோடு ஒழுகுதல் உயர்கோத்திரத்திற்குக் காரணம். எனவே, "என் குடி உயர்ந்தது, உன் குடி தாழ்ந்தது" என்று உரைப்பவன் அச்சொல்லாலேயே தாழ்ந்த குடிக்கு வித்திடுகிறான். மலையில் வாழ்வோரைக் கல்லாதார் என்று இகழ்பவனுக்கும், நம்முள்ளேயே பட்டத்தை வைத்து உயர்வு தாழ்வு பேசுபவனுக்கும் இது பொருந்தும்.

இந்திரபூதி என்பாரின் வரலாறு இதற்கு விளக்கம். கௌதம கோத்திரத்தவர், மகத நாட்டவர், ஐந்நூறு மாணாக்கரை உடையவர், கல்விச் செருக்கும் குடிச் செருக்கும் மிக்கவர். பகவானை வாதில் வெல்லக் கருதி வந்தார். சமவசரணத்தின் மானத்தம்பத்தைக் கண்ட அளவில் அவர்தம் மானம், அதாவது செருக்கு, அடங்கிற்று. பகவானுக்குக் கேவலஞானம் எய்தி 66 நாள் எழாதிருந்த திவ்யத்வனி, அவர் வந்து சீடரானபின் விபுலகிரியில் எழுந்தது. அவரே முதற் கணதரர். இன்று நாம் அவரை இந்திரபூதி என்று அழைப்பதினும் கௌதம கணதரர் என்று கோத்திரப் பெயராலேயே வணங்குகிறோம். எக்கோத்திரத்தைக் கொண்டு செருக்கினாரோ, அச்செருக்கை விட்டபின்னரே அக்கோத்திரப் பெயர் வணங்கத்தக்கதாயிற்று.

செயலால் பெயரை நிறைத்தவர் நம் காலத்திற்கு அண்மையிலும் உளர். டி.எஸ். ஸ்ரீபால் அவர்கள் உயிர்ப்பலியைத் தடுக்க ஊர் ஊராகச் சென்று பாடுபட்டார். உயிர்களுக்கு உறவினர் என்னும் பொருளில் ஜீவபந்து என்று அவரை மக்கள் அழைத்தனர். 1950-ஆம் ஆண்டில் சென்னை மாநிலத்தில் விலங்கு, பறவைப் பலித் தடைச் சட்டம் நிறைவேறியது. 2004-ஆம் ஆண்டில் அது நீக்கப்பட்டது. சட்டம் நீங்கியும் ஜீவபந்து என்னும் பெயர் நீங்கவில்லை. அது படிவத்தில் எழுதிப் பெற்ற பெயர் அன்று.

ஆகவே பெற்றோர்க்கு யாம் வேண்டுவன எளியன. பெயர் இடுமுன் அதன் பொருளை அறியுங்கள். திருநாமங்களுள் ஒன்றையோ, அறச்செல்வர் ஒருவரின் பெயரையோ, நற்குணம் ஒன்றையோ தெரிந்து சூட்டுங்கள். தூய தமிழாயினும் வடசொல்லாயினும் பொருள் உடையதாய் இருத்தல் வேண்டும். மகவு பேசத் தொடங்கியதும் அப்பெயரின் கதையைச் சொல்லுங்கள். மல்லிநாதன் என்னும் மகன் மல்லி தீர்த்தங்கரரின் திருச்சின்னம் கலசம் என்று அறிந்திருக்கட்டும். சந்திரப்பிரபன் பிறை என்று அறிந்திருக்கட்டும். ஆண்டுதோறும் பிறந்தநாளில் ஜினாலயத்திற்கு அழைத்துச் சென்று, பெயருக்குரிய தீர்த்தங்கரரின் முன் நிறுத்தி, ஒரு சிறு நோன்பை ஏற்கச் செய்யுங்கள். பொருளற்ற பெயர் முன்னரே இட்டுவிட்டோமே என்று வருந்துதல் வேண்டா. ஒழுக்கம் நிறைந்தால் எப்பெயரும் பொருள் பெறும்.

இறுதியாக ஒன்று. நாம் நாள்தோறும் ஓதும் பஞ்ச நமஸ்கார மந்திரத்தில் எவர் பெயரும் இல்லை. விருஷபர் என்றோ வர்த்தமானர் என்றோ அதில் கூறப்படவில்லை. அருகர், சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், சாதுக்கள் என நிலைகள் மட்டுமே வணங்கப்படுகின்றன. பெயரைக் கடந்து குணத்தை வணங்கக் கற்பிக்கும் மந்திரம் அது. எண்வினையும் கெடுத்த சித்த பரமேட்டிக்கு நாமமும் இல்லை, கோத்திரமும் இல்லை. உயர்வு தாழ்வு அற்ற அகுருலகு குணத்தோடு உலகின் உச்சியில் அவர் விளங்குகிறார். அந்நிலைக்குச் செல்லும் வழியில் பெயர் நமக்கு ஒரு கைவிளக்கு. விளக்கைப் பேணுவோம், விளக்கே வழி என்று மயங்காதிருப்போம்.

அறம் வளர்க! ஜினதருமம் ஓங்குக!